அன்று மழை இல்லை

போடிக்கு ரயில் பாதை போடும் வேலையில் இருக்கிற இரண்டு ஓவர்சீயர்கள் போன வாரம் என் வீட்டைத் தேடி வந்தார்கள். இருவருக்கும் மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு தோல் பை. எங்கேயோ மலைப்பாதையின் பழைய பைல்களைப் புரட்டும்போது என் கையெழுத்து அவர்கள் கண்ணில் பட்டிருக்கிறது. நான் கட்டின பாலம், மதகு, தாங்குசுவர் எல்லாவற்றுக்கும் அஸ்திவார சர்ட்டிபிகேட் உண்டு. முதல் இரண்டைத் தவிர மற்ற ஒவ்வொன்றிலும் அச்சடித்த வரிகளுக்குக் கீழே, அச்சில் இல்லாத ஒரு வரியை என் கையால் எழுதி வைத்திருக்கிறேன்: "அன்று மழை இல்லை."

"அது என்னங்கய்யா, ராசிக்காக எழுதுனதா?" என்று ஒருவன் கேட்டான். மற்றவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மோரைக் குடித்தான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஆமாப்பா, ராசிக்குத்தான். மோரைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க, வேலை கெடக்கும்" என்று அனுப்பிவிட்டேன். போன பிறகு மனசு கேட்கவில்லை. பையன்கள் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம். வாயால் வராததை எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இலாகாவின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் சிலமலை. அப்பா சோளமும் கம்பும் விதைத்தவர். நான் போடியில் படித்து, பிறகு சென்னையில் ஓவர்சீயர் படிப்புப் படித்தது அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. "கல்லைக் கல்லு மேல வைக்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்பார். சென்னையில் மட்டம் பார்க்கவும், சுண்ணாம்பு பதம் பார்க்கவும், வளைவுக்குப் படம் போடவும் கற்றுக்கொண்டேன். சாம்பாரைத் தவிர அந்த ஊரில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முடித்ததும் சப் ஓவர்சீயர் உத்தியோகம் கிடைத்தது. அதுவும் என் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலையிலேயே.

அப்போது முந்தலிலிருந்து மேலே ஏலக்காட்டுக்குப் போக வெறும் பொதிமாட்டுத் தடம்தான். அரிசியும் உப்பும் மாட்டு முதுகில் மேலே போகும், ஏலக்காய் மூட்டை கீழே வரும். அந்தத் தடத்தை அகலப்படுத்தி, குறுக்கே வரும் ஓடைகளுக்கெல்லாம் கல் பாலம் கட்டுவதென்று முடிவாகி வேலை நடந்தது. நெல்லி ஓடை என்று ஒன்று என் பொறுப்பில் விடப்பட்டது. கரைக்கு ஒரு சுவர், நடுவில் ஒற்றை வளைவு. பெரிய வேலை இல்லை. ஆனால் நான் தனியாகப் பார்த்த முதல் வேலை. எனக்கு இருபத்தாறு வயது.

என் மேலதிகாரி இன்ஜினியர் ஞானமுத்து ஐயா. திருநெல்வேலிச் சீமைக்காரர், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரர், ஒடிசலான ஆள். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. நாம் போய் எதைச் சொன்னாலும், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே ஒரே குரலில் மூன்று வார்த்தை கேட்பார்.

"பாத்தியா, கேட்டியா, நெனச்சியா?"

'சுண்ணாம்பு வந்துவிட்டது ஐயா' என்றாலும் அதே கேள்விதான். கண்ணால் பார்த்திருந்தால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மேஸ்திரி சொன்னதென்றால் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். வந்திருக்கும் என்று நாமாக வைத்துக்கொண்டிருந்தால், நினைத்தேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது பதிலுக்கு அவர் திட்டமாட்டார். "போய்ப் பாத்துட்டு வாடே" என்பார். அது இரண்டு மைல் ஏற்றமாக இருக்கும். நாலு தடவை ஏறி இறங்கினால் யாருக்கும் புத்தி வந்துவிடும்.

அஸ்திவாரக் குழியில் பாறை தட்டியதும் என்ன செய்ய வேண்டுமென்று அவர் ஒரு முறை வகுத்திருந்தார். பாறையைத் துடைப்பத்தால் கூட்டி, கழுவி, துணியால் துடைக்க வேண்டும். கடப்பாரையைச் செங்குத்தாகத் தூக்கி, ஒரு முழத்துக்கு ஓர் இடமாகப் போட்டுச் சத்தம் கேட்க வேண்டும். கணீரென்றால் சரி. பொத்தென்றால் அந்த இடத்தை உடைத்து எடுக்க வேண்டும். மற்றவர்கள் இதோடு விட்டுவிடுவார்கள், அவர் விடமாட்டார். மலைச்சரிவில் எந்தக் காலத்திலோ மேலேயிருந்து உருண்டு வந்து மண்ணுக்குள் புதைந்துபோன உருட்டுக்கல் ஒரு வீட்டளவுகூட இருக்கும். அதைத் தட்டினாலும் கணீரென்றுதான் கேட்கும். அதனால் குழியின் பக்கங்களில் களிமண்ணைக் குழைத்துப் பூசிவிட்டு, முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் விட்டு, சுண்ணாம்பால் கோடு போட்ட ஒரு குச்சியை உள்ளே நட வேண்டும். மறுநாள் காலையில் தண்ணீர் கோட்டிலிருந்து இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்காமல் இருந்தால் அது தாய்ப்பாறை, நம்பிக் கட்டலாம். வடிந்து போயிருந்தால் கல்லுக்கு அடியில் மண் இருக்கிறதென்று அர்த்தம். கல்லை உடைத்து எடுத்துவிட்டு இன்னும் தோண்ட வேண்டும்.

"மேல இருக்கிறத ஊரே பாக்கும்டே. மண்ணுக்குள்ள போனதுக்கு நம்ம ரெண்டு பேர் வாய்தான் சாட்சி" என்பார்.

பிறகு சர்ட்டிபிகேட். பாறை கண்டது, தண்ணீர் ஒரு நாள் நின்றது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கல்வேலை மேஸ்திரி கைநாட்டு வைக்க வேண்டும். ஞானமுத்து ஐயா நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்து தெரியாத மேஸ்திரிக்கு முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். 'வாசித்துக் காட்டப்பட்டது' என்று தாளின் அடியில் அச்சடித்தே இருக்கும்.

என் மேஸ்திரி மொக்கையன். தேவாரத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருக்குக் கீழே முப்பது குடும்பம் மலையில் குடிசை போட்டு வேலை பார்த்தது. அவர் சம்சாரம் ஒச்சம்மா காரைச் சட்டி சுமப்பவள். அந்த அம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம், கண் அதைவிட நீளம். மொக்கையன் என்னை 'அப்பு' என்று கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் பிரியமானவர்களை அப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான். ஆனாலும் என் அப்பா ஒருநாள்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. உத்தியோகத்துக்குக் கிடைத்த மரியாதையைவிட அந்த வார்த்தை எனக்கு இனித்தது.

வலது கரைக் குழி ஒழுங்காக முடிந்தது. தண்ணீர் விட்டோம், நின்றது, ஐயா வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இடது கரையில் பாறை தட்டின அன்று ஆனி மாத மழை பிடித்துக்கொண்டது.

மலை மழை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது கொட்டி ஓய்கிற மழை இல்லை. நூல் நூலாக, நாள் கணக்கில் விடாமல் பெய்யும். சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றால் மேலே மழை, கீழே அட்டை. ஆட்களுக்குக் காய்ச்சல் கண்டது. பாதிப் பேர் கீழே இறங்கிவிடுவோம் என்று முனகினார்கள். ஞானமுத்து ஐயாவும் காய்ச்சலில் முந்தல் முகாமில் படுத்துவிட்டார். ஓடை பெருகிவிட்டால் குழி தூர்ந்துபோகும், வேலை தை மாதத்துக்குத் தள்ளிப்போகும். கீழ் ஓடையில் இருந்த இன்னொரு சப் ஓவர்சீயர் அஸ்திவாரத்தை முடித்துவிட்டான் என்று வேறு கேள்வி. அவன் என்னோடு சென்னையில் படித்தவன், கணக்கில் எனக்குக் கீழே. எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

கடப்பாரை போட்டோம். கணீரென்றது. களிமண் பூசினோம். தண்ணீர் சுமக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, மழையே குழியை நிரப்பிவிட்டது. குச்சியை நட்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது.

மொக்கையன் குழியை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது கணக்குல சேராது அப்பு. மேல ஊத்திக்கிட்டே இருக்கு, நிக்காம என்ன செய்யும்?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

"பந்தல் போடுவோம். காட்டுல தழைக்கா பஞ்சம்? குழிக்கு மேல பந்தல போட்டு, சுத்தி வாய்க்கா வெட்டி விட்டுட்டா மழைத் தண்ணி உள்ள வராது. எல்லாத்தையும் எறச்சிட்டு நம்ம கையால ஊத்திப் பாப்போம். அஞ்சு நாள் சோலி."

"அஞ்சு நாள்ல ஓடை வந்துரும் அண்ணே. கடப்பாரை கணீர்னு சொல்லுச்சுல்ல?"

"சொல்லுச்சு."

"பெறகென்ன?"

நான் மரத்தடியில் ஒதுங்கித் தாளை எடுத்து 'தண்ணீர் ஒரு நாள் நின்றது' என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. தண்ணீர் நின்றது, நான் என் கண்ணால் பார்த்தேன். இந்த மாதிரி உண்மையை எழுதுவதற்குத்தான் படித்தவன் தேவைப்படுகிறான்.

மைப் பெட்டியை மொக்கையனிடம் நீட்டினேன். "என்ன போட்டிருக்கு அப்பு?" என்றார்.

"வழக்கமா உள்ளதுதான் அண்ணே. தாள் நனையுது, வெரசா வையிங்க."

அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார். ஒச்சம்மா காரைச் சட்டியோடு நாலடி தள்ளி நின்றிருந்தாள். தாளை முந்தலுக்கு அனுப்பினேன். காய்ச்சலோடு கையெழுத்துப் போட்டு ஐயா திருப்பி அனுப்பினார். மற்றவர்களை நேரில் பார்க்கச் சொல்லி மலையேற வைக்கிற மனிதர், என் தாளைப் பார்க்காமலே நம்பிவிட்டார்.

தை மாதம் பாலம் முடிந்தது. அழகாக இருந்தது என்று நானே சொல்லக்கூடாது, ஆனால் இருந்தது. சாரம் பிரித்த அன்று மாட்டுக்காரர்கள் தேங்காய் உடைத்தார்கள். அப்பா சிலமலையிலிருந்து நடந்தே வந்து, பாலத்தின் மேல் ஒரு தடவை போய்த் திரும்பி, ஒன்றும் சொல்லாமல் வெற்றிலை போட்டுக்கொண்டார். அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

அடுத்த ஆவணியில் இடது கரை ஓரம், கைப்பிடிச் சுவரில் ஒரு விரிசல் கண்டேன். மயிரிழை அளவுதான். புதுக் காரை காயும்போது அப்படி விடும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கால் அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்றது.

விரிசல் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஞானமுத்து ஐயா ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் ஒட்டிவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி பொறுக்காது, தெறித்துவிடும். உடைந்த லாந்தர் சிம்னியிலிருந்து ஒரு சில் எடுத்து, ஒருத்தருக்கும் சொல்லாமல் ஒட்டினேன். இருபது நாளில் தெறித்தது. சரியாக ஒட்டவில்லை போலிருக்கிறது என்று இரண்டாவதை ஒட்டினேன். அது பத்து நாள். மூன்றாவதை ஒட்டும்போது பின்னால் ஒச்சம்மாவின் குரல் கேட்டது.

"என்ன அப்பு, பாலத்துக்குக் கண்ணாடி காட்டுறீகளா? கல்யாணமா அதுக்கு?"

சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. விரிசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஐப்பசியில் ஒரு பகல். தூறல். பாலத்தின் இடது பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஏலக்காய் ஏற்றின பொதிமாடு பத்துப் பதினைந்து வரிசையாகக் கடந்துகொண்டிருந்தது. கடைசி மாடு இறங்கும்போது என் காதோரம் 'டிக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. விரிசலில் என் நகம் நுழைந்தது.

அடுத்த வரிசை மாடு திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஏலக்காட்டுக்குப் பிழைக்கப் போய்விட்டுத் திரும்புகிற பெண்கள், இடுப்பில் பிள்ளைகளோடு. ஓடிப்போய்ப் பாலத்துக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். "யாரும் வரக்கூடாது! ஓடை வழியா இறங்கிப் போங்க!"

"ஓடைல இடுப்பளவு தண்ணி போகுது ஓவர்சீயரய்யா, மூட்டை நனஞ்சிரும்" என்றான் முன்னால் வந்த மாட்டுக்காரன்.

"நனையட்டும்."

"கட்டுனதும் நீங்க, அடைக்கிறதும் நீங்களா? கோட்டி கீட்டி புடிச்சிருச்சா உங்களுக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். நான் நகரவில்லை. கிளைகளை வெட்டிப் போட்டு இரண்டு பக்கமும் அடைத்தேன். முந்தலுக்கு ஆள் அனுப்பினேன். மூன்று நாள் மாடுகள் ஓடையில் இறங்கி ஏறின. மாட்டுக்காரர்கள் என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார்கள். பாலமோ ஜம்மென்று நின்றது. அது விழுந்தால் தேவலை என்றுகூட ஒரு சமயம் நினைத்தேன். அப்புறம் அப்படி நினைத்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஞானமுத்து ஐயா மட்டக்குதிரையில் வந்து சேர்ந்தார். விரிசலில் விரலை ஓட்டிப் பார்த்தார். "பாத்தியா, கேட்டியா, நெனச்சியா?"

"கண்ணாடி உடைஞ்சதைப் பார்த்தேன் ஐயா. கேட்டேன்."

சுவரை ஒட்டி ஒரு சோதனைக் குழி தோண்டச் சொன்னார். மொக்கையன் வேறு யாரையும் விடாமல் தானே இறங்கினார். ஆளுயரம் தோண்டியதும் பாறையின் பக்கம் உள்வாங்கி வளைந்தது. அவர் குனிந்து, கல்லுக்கு அடியில் முழங்கைவரை கையை விட்டார். வெளியே எடுத்தபோது கை நிறையச் செம்மண். அதைப் பிசைந்து பார்த்தார். பிறகு குழிக்குள்ளிருந்தே தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக நான் மாட்டுக்காரர்களின் வசவை ஆயிரம் தடவை வாங்கிக்கொண்டிருப்பேன்.

மதுரையிலிருந்து கடுதாசி வந்தது, விசாரணை. முந்தல் முகாமுக்குப் போனேன். ஹெட் கிளார்க் என் வாக்குமூலத்தை எனக்காக எழுதியே வைத்திருந்தார். மேஸ்திரி மொக்கையன் தாய்ப்பாறை என்று சொல்லி நம்ப வைத்துக் கைநாட்டு வைத்தபடியால் இந்தத் தவறு நேர்ந்தது என்று முத்து முத்தான எழுத்து. என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"வெறும் கையெழுத்துத்தான் தம்பி. மேஸ்திரிய நீக்கிட்டு, அவன் ஆளுகளுக்கு இனி இலாகா வேலை இல்லேன்னு உத்தரவு போட்டா சோலி முடிஞ்சது. உங்க உத்தியோகம் தப்பிச்சது" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்.

அடுத்த மேசையில் ஞானமுத்து ஐயா பென்சில் சீவிக்கொண்டிருந்தார். ஏற்கனவே சீவின பென்சில். "ஐயா?" என்றேன்.

"உன் வாக்குமூலம்டே அது. நான் என்ன சொல்ல?" என்றார், தலை நிமிராமல்.

அவர் கேட்கிற அந்த மூன்று வார்த்தையை அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த சர்ட்டிபிகேட்டில் அவர் கையெழுத்தும் இருந்தது. குழியை அவரும் பார்க்கவில்லை. அவருக்கும் பயம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே புளியமரத்தடியில் மொக்கையனும் ஒச்சம்மாவும் கூப்பிடுவார்களென்று உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் எழுந்தார்.

"என்ன எழுதியிருக்காகன்னு எனக்குத் தெரியும் அப்பு. கைநாட்டு என்னுதுதானே. வச்சாச்சு. நான் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"ஏன் இல்ல?" என்று ஒச்சம்மா சீறினாள். "பந்தல் போடுவோம்னு சொன்னீகள்ல? அஞ்சு நாள் சோலின்னு சொன்னீகள்ல? சட்டியோட நான் அங்கதானே நின்னேன்?" என்னிடம் திரும்பினாள். "அப்பு, உங்களுக்கு எழுதத் தெரியும். எங்களுக்குத் தெரியாதுங்கிறதும் உங்களுக்குத் தெரியும். அதை வச்சுத்தானே அன்னைக்கு வெரசா வைக்கச் சொன்னீக?"

ஊருக்குள் எங்கேயோ போய் நடந்தேன். வேலை போனால் சிலமலைக்குத் திரும்ப வேண்டும். 'கல்லைக் கல்லு மேல வைக்கத் தெரியலையா?' என்று அப்பா கேட்பார். இல்லை, கேட்கமாட்டார், அது இன்னும் மோசம். முப்பது குடும்பமும் மூட்டை முடிச்சோடு தேவாரத்துக்கு இறங்குவதையும் நினைத்துப் பார்த்தேன். சாயங்காலம்வரை எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடைசியில் முகாமுக்குத் திரும்பி, புதுத் தாள் கேட்டு வாங்கி, நாலு வரி எழுதினேன். மழையில் சோதித்தேன். மேஸ்திரி தடுத்தார், பந்தல் போடச் சொன்னார். நான் கேட்கவில்லை. தாளை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

நியாயம் என்று எழுதினேனா, விசாரணையில் ஒச்சம்மா வாயைத் திறந்துவிடுவாள் என்று பயந்து எழுதினேனா? இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஞானமுத்து ஐயா தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "பாத்தியா, கேட்டியா, நெனச்சியா?"

"தெரிஞ்சே எழுதினேன் ஐயா."

அவர் முகம் சிவந்துவிட்டது. முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "பாவி! என்னையும் சேத்துல்ல கெடுத்துட்டே!" எழுந்து வாசல்வரை போனார், திரும்பி வந்தார், உட்கார்ந்தார். பேனாவை எடுத்து என் நாலு வரிக்குக் கீழே, 'நான் நேரில் பார்க்காமல் கையெழுத்திட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளை ஹெட் கிளார்க் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் என்னோடு பேசவில்லை. என்னைப் பதவி இறக்கினார்கள், மூன்று வருஷம் தளவாடக் கணக்கு எழுதுகிற ஆளாக இருந்தேன். அவருக்கு வரவேண்டிய உயர்வு வரவில்லை. மொக்கையனின் ஆட்களை யாரும் தொடவில்லை.

பாலத்தை நாங்களே கல் கல்லாகப் பிரித்தோம். அது விழவே இல்லை. யாருக்கும் ஒரு காயம்கூட இல்லை. கதையாகக் கேட்கிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடையாது.

மாசி மாதம் உருட்டுக்கல்லைக் கந்தகமருந்து வைத்து உடைத்து எடுத்து, இன்னும் இரண்டு ஆள் ஆழம் தோண்டினோம். தாய்ப்பாறை கிடைத்தது. கூட்டி, கழுவி, கடப்பாரை போட்டு, களிமண் பூசி, இந்தத் தடவை கீழே ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினோம். நானும் சுமந்தேன். ஞானமுத்து ஐயா குடையை விரித்துக்கொண்டு குழி ஓரத்திலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். வெயில் சுட்டது. மறுநாள் காலையில் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அவர் குனிந்து அளந்து, நிமிர்ந்து, "பாத்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் சர்ட்டிபிகேட்டை நிரப்பும் வேலை என்னுடையது. நிரப்பி, தாளையும் மைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மொக்கையனிடம் போனேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாசிங்க" என்றார்.

தலைப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் வாசித்தேன். ஓடையின் பெயர், கரை, ஆழம், தேதி, தண்ணீர் நின்றது, வாசித்துக் காட்டப்பட்டது. அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தார்.

"மழை இல்லேன்னு போட்டிருக்கா?"

"இல்ல அண்ணே. அச்சுல அந்த வரி கிடையாது."

"போடுங்க."

போட்டேன். அதையும் வாசித்துக் காட்டினேன். அப்புறம்தான் முதுகுக்குப் பின்னாலிருந்து கை வந்தது. விரலை வைத்துவிட்டு மையைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சரிங்க ஓவர்சீயரய்யா."

அப்போது நான் ஓவர்சீயர்கூட இல்லை. மறுபடியும் உத்தியோகம் உயர்ந்து, அதே மலையில் அவரோடு பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. என் பிள்ளை பிறந்தபோது மேலேயிருந்து தேன் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு குழியிலும் "வாசிங்க" என்பார், ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசி வரி இருக்கிறதா என்று கேட்பார். வாசிக்கச் சொல்லிக் கேட்காத மேஸ்திரிகள் பிறகு எத்தனையோ பேர் வந்தார்கள். அவர்களுக்கும் அதை எழுதினேன், வாசித்தேன்.

ஆனால் அன்றைக்குப் பிறகு மொக்கையன் என்னை ஒருதரம்கூட அப்பு என்று கூப்பிடவில்லை.